தேவகன்னிக்கு ஒரு ரவிக்கை

“அப்பா, மத்த வேலையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல அந்தம்மாவுக்கு ஒரு வழி பண்ணுங்க” என்றான் முத்துராஜா.

ஸ்டூலில் ஏறி மின்விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்த வேல்பாண்டி திரும்பிப் பார்த்தார். “எந்தம்மாடா?”

மகன் சுவரைக் காட்டினான்.

சுவரில் தேவகன்னி நின்றுகொண்டிருந்தாள். அருவியில் நனைந்து அப்போதுதான் கரையேறியவள். வெள்ளைச் சேலை உடம்போடு ஒட்டியிருந்தது. தேவலோகத்தில் ரவிக்கை இன்னும் புழக்கத்துக்கு வரவில்லை போலும். பக்கத்தில் புலித்தோலில் ஒரு முனிவர். ஒரு கண்ணை மூடித் தவத்தையும், மறு கண்ணைப் பாதி திறந்து தேவகன்னியையும் கவனித்துக்கொண்டிருந்தார். வரைந்தவர் விவரமான ஆள். எங்கெல்லாம் மறைக்க வேண்டுமோ அங்கெல்லாம் ஒழுங்காகச் சேலையைப் போட்டிருந்தார். அருவித் தண்ணீரையும் அங்கேயேதான் ஊற்றியிருந்தார்.

“அது சாமி படம்டா” என்றார் வேல்பாண்டி.

“சாமி படமா? அதுக்கு யாராச்சும் சூடம் காட்டிப் பாத்திருக்கீகளா?”

வேல்பாண்டி ஸ்டூலிலிருந்து இறங்கி நின்று பார்த்தார். பிறந்ததிலிருந்து பார்த்த படம். வீட்டுத் தூண் மாதிரி, வாசல் நிலை மாதிரி அது பாட்டுக்கு இருந்தது. அதில் ஒரு பெண் நிற்கிறாள், அவள் மேலே அதிகம் ஒன்றும் இல்லை என்பதெல்லாம் அன்றைக்குக் காலையில்தான் அவர் கண்ணில் பட்டது.

பட்ட நேரம் சரியில்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் ராயப்பன்பட்டியிலிருந்து எஸ்தரின் அப்பா அம்மா வருகிறார்கள். முத்துராஜாவும் எஸ்தரும் மதுரையில் ஒரே கம்பெனியில் வேலை. வேறு மதத்தில் பெண்ணைக் கொடுப்பதில்லை என்று ஒற்றைக்காலில் நின்ற எஸ்தரின் அப்பா மரியராஜ், வெகுநாள் மல்லுக்கட்டுக்குப் பிறகு, “சரி, மொதல்ல வீட்டைப் பாத்துட்டு வருவோம்” என்ற அளவுக்கு இறங்கியிருந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். விடிந்தால் மாதா கோயிலுக்குப் போகாமல் காப்பி குடிக்காதவர்.

“அவரு வந்து உக்காந்ததும் நேரா இதுலதேன் முழிப்பாரு” என்றான் முத்துராஜா. “கழட்டி உள்ள வையுங்கப்பா.”

“கழட்ட முடியாதுடா. சுவத்தோட பதிச்சது.”

அதுதான் சிக்கல். ஓடைப்பட்டியில் இந்த வீட்டைக் கட்டும்போது வேல்பாண்டியின் அப்பா ஒச்சாண்டி கொத்தனாருக்குப் பக்கத்திலேயே நின்று, சுவரில் பள்ளம் எடுக்கச் சொல்லி, சட்டத்தோடும் கண்ணாடியோடும் படத்தை உள்ளே வைத்துச் சுற்றிலும் சிமெண்டு பூச வைத்தார். “எனக்குப் பொறவு எவனாவது இத எடைக்குப் போட்டுருவான்” என்றார். அவர் போய்ச் சில வருஷம் ஆகிறது. படம் அப்படியே இருக்கிறது. இடிக்காமல் எடுக்க முடியாது.

ஒச்சாண்டி வாலிபத்தில் போடிப் பக்கம் ஓர் ஏலக்காய் மண்டியில் வேலை பார்த்தவர். அந்த மண்டி அடித்த காலண்டர்தான் அது. தேதிகளெல்லாம் கிழித்து முடிந்ததும், படத்தை மட்டும் வெட்டிக் கண்ணாடி போட்டு வைத்திருந்தார். தேனியில் ஒண்டுக்குடித்தனம், பிறகு சின்னமனூரில் ஓட்டு வீடு என்று எங்கே குடிபோனாலும் பால் காய்ச்சுவதற்கு முன்னால் ஆணி அடித்து மாட்டுவது இந்தப் படத்தைத்தான். சாயங்காலம் மண்டியிலிருந்து அப்பா வரும்போது வீடு முழுக்க ஏலக்காய் மணக்கும். துண்டை உதறிப் போட்டுவிட்டு, படத்துக்கு நேராகச் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீரை நிதானமாகக் குடிப்பார். பக்கத்து வீட்டுப் பெண்கள், “என்னாக்கா, ஒம் புருசன் வீட்டுக்குள்ளயே இப்படி ஒருத்திய வச்சிருக்காரு, நீயும் பேசாம இருக்கியே” என்று அம்மாவைக் கிண்டுவார்கள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அப்படிச் சிரிப்பாள். ஏன் அந்தச் சிரிப்பு என்று வேல்பாண்டிக்குப் புரிந்ததில்லை. படத்துக்குக் கீழே அச்சடித்திருந்த ‘தேவகன்னி’ என்ற எழுத்துகளைக் கூட்டித்தான் அவர் வாசிக்கவே பழகினார்.

இப்போது எங்கேயாவது ஏலக்காய் வாசனை வந்தால் வேல்பாண்டிக்கு அப்பாவும் தேவகன்னியும் சேர்ந்தேதான் ஞாபகத்துக்கு வருவார்கள்.

“என்னாங்க, இன்னும் பேசிக்கிட்டே இருக்கீகளா?” என்று அடுக்களையிலிருந்து வந்தாள் ஹேமாவதி. “அவுக கெளம்பிட்டாகளாம். ஒங்க மூத்தவளுக்கு எதையாச்சும் உடுத்தி விடுங்க.”

தேவகன்னிக்கு அந்த வீட்டில் அதுதான் பெயர். அதற்கும் வேல்பாண்டியின் வாய்தான் காரணம். பெண் பார்க்கத் தொடங்கிய காலத்தில் ஊர் ஊராக பஜ்ஜி தின்றுவிட்டுப் பிடிக்கவில்லை என்று வந்துகொண்டிருந்தவர், ஹேமாவதியைப் பார்த்ததும் அந்த இடத்திலேயே சரி என்றார். கல்யாணமான புதிதில், ஏன் என்னைப் பிடித்தது என்று அவள் ஆசையாகக் கேட்டபோது, “ஓரக்கண்ணால பாத்தியே, அந்தப் பார்வை அப்படியே எங்க வீட்டுத் தேவகன்னிதேன்” என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தார். அன்றிலிருந்து படம் மூத்தவள், அவள் இளையவள். சண்டை வந்தால், “அங்கன போயி மூத்தவகிட்டச் சோறு கேளுங்க” என்பாள்.

வேல்பாண்டி யோசித்தார். ஓடைப்பட்டிக் கடைத்தெருவில் சொட்டுநீர்ப் பாசனச் சாமான் கடை வைத்திருப்பவர். எந்த ஓட்டையையும் ஏதாவது ஒன்றைச் செருகி அடைத்துவிடலாம் என்பது அவர் தொழில் நம்பிக்கை. அடுக்களைச் சுவரில் தொங்கிய பெரிய தினசரிக் காலண்டரைக் கொண்டுவந்து படத்தின் சட்டத்தில் கட்டித் தொங்கவிட்டார். கழுத்திலிருந்து முழங்கால் வரைக்கும் கச்சிதமாக மறைந்தது.

மூவரும் தள்ளி நின்று பார்த்தார்கள்.

மேலே நனைந்த கூந்தல், வெறும் தோள், சிரித்த முகம். கீழே நீர் சொட்டும் வெறும் கால். நடுவில் அன்றைய தேதி.

“முன்னாலயாவது சேலை இருந்துச்சு” என்றான் முத்துராஜா. “இப்ப அந்தம்மா காலண்டர மட்டும் கட்டிக்கிட்டு நிக்கிது.”

“அதுல என்னா போட்டிருக்குன்னு பாருங்க” என்றாள் ஹேமாவதி.

தேதிக்குக் கீழே சிவப்பு எழுத்தில் ‘சுபமுகூர்த்த நாள்’ என்று இருந்தது. முனிவர் அதைத்தான் ஒரு கண்ணால் படித்துக்கொண்டிருப்பது போலத் தோன்றியது.

காலண்டர் கழற்றப்பட்டது. வேல்பாண்டி தெருமுனையில் ஸ்டிக்கர் கடை வைத்திருக்கும் விஜய்ராஜுக்குப் போன் அடித்தார். லாரிக்கும் வேனுக்கும் பெயர் ஒட்டுகிறவன். ஸ்டிக்கர் சுருளும் பிளேடுமாக வந்து நின்றவன், படத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றான்.

“பாத்தது போதும். கண்ணாடி மேல ஒரு ரவிக்கை ஒட்டணும்” என்றார் வேல்பாண்டி.

“ஒட்டிருவோம்ணே. முக்கால் கையா, அரைக் கையா?”

“முழுக்கை” என்றாள் ஹேமாவதி. “கழுத்து மேல வரைக்கும் ஏறட்டும். மெரூன் கலரு போடு.”

விஜய்ராஜ் கைகாரன். கண்ணளவிலேயே வெட்டிச் சுருக்கமில்லாமல் ஒட்டினான். எதிரே நின்று பார்த்தால் அருமையாக இருந்தது. தேவகன்னி ஒரு நொடியில் பள்ளிக்கூட டீச்சராகிவிட்டாள். நல்ல நாளிலேயே அவளை முறைக்கும் ஹேமாவதி, “இப்பத்தேன் பாக்க லட்சணமா இருக்கா” என்றாள்.

மரியராஜுக்கென்று போட்டிருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்து பார்த்தார் வேல்பாண்டி. உட்கார்ந்த வேகத்தில் எழுந்தார்.

கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே விரல் கனத்துக்கு இடைவெளி இருந்தது. நேரே நின்றால் ரவிக்கை ரவிக்கையாக இருந்தது. பக்கவாட்டில் உட்கார்ந்து பார்த்தால் ஒரு தோளிலிருந்து நழுவி இறங்கியது. அவர் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நடந்தார். ரவிக்கை ஒரு தோளில் ஏறி மறு தோளில் இறங்கியது.

“ஏலே விஜய்ராசு! நடக்க நடக்கக் கழட்டுறாடா!”

விஜய்ராஜும் நடந்து பார்த்தான். ஒன்றுக்கு இரண்டு தடவை நடந்து பார்த்தான். “நேரா நின்னு, ஒத்தக் கண்ணால பாத்தா சரியா இருக்குண்ணே.”

“வர்றவுககிட்ட ஒத்தக் கண்ண மூடிக்கிட்டு உக்காருங்கன்னா சொல்ல முடியும்?”

ஸ்டிக்கரை உரித்தார்கள். ரவிக்கை வந்துவிட்டது, பசை வரவில்லை. விஜய்ராஜ் தின்னரைத் துணியில் நனைத்துத் துடைத்தான். பசை கரைந்து, போக மாட்டேன் என்று அந்த இடத்திலேயே பளபளவென்று பரவி நின்றது. முழுக்கை ரவிக்கை எங்கெல்லாம் இருந்ததோ, அங்கெல்லாம் மட்டும்.

“இவ்வளவு நாளும் நனைஞ்சு மட்டும் இருந்தா” என்றாள் ஹேமாவதி. “இப்ப எண்ணெய் தேச்சு வேற விட்டிருக்கீக.”

“கடையில இன்னொரு மருந்து இருக்குண்ணே, எடுத்துட்டு வந்துர்றேன்” என்று போன விஜய்ராஜ் திரும்பி வரவில்லை, போனையும் எடுக்கவில்லை.

“ஒடச்சுருவோம்பா. சுவத்த அப்புறம் பூசிக்கலாம்” என்றான் முத்துராஜா. “இந்த ஒரு நாளுக்காக எஸ்தர் எம்புட்டுக் கெஞ்சியிருக்கா தெரியுமா? அவுக அப்பா வேணாம்னுட்டா அவ ஒரு வார்த்தை எதுத்துப் பேச மாட்டா.”

வேல்பாண்டி மகனைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். கையை நீட்டிச் சட்டத்தைத் தொட்டார். படத்துக்கு எதிரே தண்ணீர்ச் சொம்போடு அப்பா உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது.

“எங்க அய்யா பதிச்சதுடா. நான் எப்படி ஒடைப்பேன்?” என்றார்.

ஹேமாவதி உள்ளே போனாள். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. தன் கல்யாணப் பட்டோடு வந்தாள். ஸ்டூலில் ஏறி, மடிப்பு மடிப்பாகப் படத்தின் மேல் விரித்து, மேல் விளிம்பைச் சட்டத்து இடுக்கில் செருகினாள். “மூத்தவளுக்கு எஞ் சேலையக் குடுக்க வேண்டியதா போச்சு” என்று முணுமுணுத்தாள்.

அரக்குப் பட்டில் சுவர் கம்பீரமாக இருந்தது. அன்றைக்கு மின்வாரியப் பராமரிப்பு என்று சாயங்காலம் வரை கரண்டும் கிடையாது. சேலை ஆடவில்லை, அசையவில்லை. வேல்பாண்டிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. வாசலில் கார் வந்து நின்றது.

வெள்ளைச் சட்டையும் வெள்ளை வேட்டியுமாக மரியராஜ் இறங்கினார். பின்னால் அவர் மனைவி வியாகுலமேரி. கடைசியாகக் கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு முதியவர்.

“இவுக எங்க சித்தப்பா சவரிமுத்து” என்றார் மரியராஜ். “நானும் வருவேன்னு வண்டியில ஏறிட்டாக.”

முதியவர் வேல்பாண்டியின் முகத்தையே உற்றுப் பார்த்துவிட்டு, கிடைத்த நாற்காலியில் உட்கார்ந்து, தட்டில் இருந்த பன்னீர் திராட்சையை ஒவ்வொன்றாக வாயில் போடத் தொடங்கினார்.

பேச்சு நன்றாகத்தான் போனது. இந்த வருஷத்துத் திராட்சை விலை, முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர், மதுரையில் வீட்டு வாடகை என்று சுற்றி, கல்யாணத்தை எந்த முறையில் வைப்பது என்ற இடத்துக்கு வந்தது. மரியராஜின் முகம் இளகியிருந்தது. காப்பித் தம்ளரைக் கீழே வைத்தவர் நிமிர்ந்து சுவரைப் பார்த்தார்.

“அது என்ன, பட்டுச்சேலை போத்தியிருக்கீக? ஏதும் திறப்பு விழாவா?”

“சாமி படம்” என்றார் வேல்பாண்டி.

“ரிப்பேர்” என்றான் முத்துராஜா.

இருவரும் ஒரே சமயத்தில் சொன்னார்கள். மரியராஜின் புருவம் ஏறியது. ஹேமாவதி முந்திக்கொண்டாள்.

“எங்க மாமனார் படங்க. ரொம்பப் பழசு. வெளிச்சம் பட்டா மங்கிரும்னு மூடி வச்சிருக்கோம்.”

வேல்பாண்டி மனைவியை நன்றியோடு பார்த்தார். மரியராஜ் எழுந்தே விட்டார்.

“பெரியவுக இருக்கிற எடத்துல கும்பிடாம உக்காந்துட்டேனே. மொதல்ல அவுககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்.”

“பரவாயில்லீங்க, நீங்க உக்காருங்க” என்று வேல்பாண்டி குறுக்கே போனார்.

“இருக்கட்டும் சம்பந்தி.”

சம்பந்தி என்ற சொல் காதில் விழுந்ததும் வேல்பாண்டி உருகிப்போய் வழிவிட்டார். மரியராஜ் படத்துக்கு முன்னால் போய்ச் செருப்பில்லாத காலைச் சேர்த்து வைத்து நின்று, கண்ணை மூடி, கைகூப்பித் தலை குனிந்தார்.

சாயங்காலம் வர வேண்டிய கரண்டு அப்போது வந்தது.

காலையில் பளிச்சென்று துடைத்து வைத்த மின்விசிறி ஒரு தரம் முனகிவிட்டு வேகம் பிடித்தது. பட்டுச்சேலை உப்பியது. ஒரு முனை இடுக்கிலிருந்து விடுபட்டது. தோளிலிருந்து இறங்குவது போல ஒய்யாரமாக, அவசரமே இல்லாமல், மடிப்பு மடிப்பாக நழுவி மரியராஜின் காலடியில் விழுந்தது.

அவர் கண்ணைத் திறந்தார்.

வியாகுலமேரி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். முத்துராஜா தரையைப் பார்த்தான். மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

மரியராஜ் ஹேமாவதியைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார். “இவுகதேன் ஒங்க மாமனாரா?”

ஹேமாவதி உள்ளே ஓடவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டாள். வேல்பாண்டிதான் முன்னால் வந்தார்.

“மன்னிச்சுக்கங்க. இவ எங்க அய்யாவுக்குக் கெட்ட பேரு வரக் கூடாதுன்னு சொல்லிப்புட்டா. இது அவரு ஆசையா வச்சிருந்த படம். நான் தொட்டில்ல கெடந்த காலத்துல இருந்து பாக்குறேன். ஒடைக்க மனசு வரலை. எங்க அய்யா பெருசா பேச மாட்டாரு, சிரிக்க மாட்டாரு. இதுக்கு முன்னால உக்காந்தா மட்டும் அவரு மொகமே மாறிரும். இத எடுத்துட்டா அவரும் போயிருவாருன்னு ஒரு பயம். எம் மகன் மேல ஒரு குத்தமும் இல்லைங்க. நீங்க என்ன சொன்னாலும் எங்கிட்டச் சொல்லுங்க.”

மரியராஜ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வியாகுலமேரி சிரித்துவிட்டாள்.

“இதுக்கா இம்புட்டுப் பாடு பட்டீக? நான் வாழ வந்தப்ப எங்க மாமியா வீட்டு நடு அறையில ஆதாம் ஏவாள் படம் தொங்கும். ஏவாளுக்குத் தலைமுடியும் ரெண்டு எலையும்தேன். மத்தவுகல்லாம் மாதா படத்துக்கு முன்னால செபம் சொல்ல, ஒரே ஒருத்தரு மட்டும் அங்கன திரும்பி நின்னு சொல்லுவாக. யாருன்னு நான் சொல்லலை.”

மரியராஜ் இருமினார். இருமி முடித்தும் முகத்தில் சிவப்பு போகவில்லை. “அது... பழைய ஏற்பாடு” என்றார்.

முதலில் சிரித்தது முத்துராஜா. பிறகு எல்லாரும். மரியராஜும் சிரித்துவிட்டு, காலடியில் கிடந்த பட்டை எடுத்து மடித்து ஹேமாவதியிடம் கொடுத்தார். “நல்ல படந்தேன். அந்தக் காலத்து ஆளுக கையி. ஆனா ஏன் இப்படி எண்ணெய் வடியுது?”

“அது தனிக் கதைங்க” என்றாள் ஹேமாவதி.

அப்போதுதான் சவரிமுத்து திராட்சைத் தட்டை வைத்துவிட்டு எழுந்து வந்தார். கண்ணாடியில் மூக்கு முட்டும் அளவுக்கு நெருங்கிப் பார்த்தார். விரலால் அருவியைத் தடவினார்.

“இருக்குதா இது இன்னும்!” என்றார். “ஒச்சாண்டி வீட்டுச் சம்மந்தம்னு மரியராசு சொன்னதுமே வண்டியில ஏறிட்டேன். இதப் பாக்கத்தேன் வந்தேன். இது நான் வரைஞ்சதுப்பா.”

“நீங்களா?” என்றார் வேல்பாண்டி.

“எங்க ஊர்க் கோயில்ல றெக்கை வச்ச சம்மனசுகளெல்லாம் இவுக வரைஞ்சதுதேன்” என்றாள் வியாகுலமேரி.

“அந்த ஏலக்காய் மண்டி மொதலாளி காலண்டருக்குப் படம் கேட்டாரு. எனக்கு மனசுல நெனச்சு வரைய வராது. ஆளு எதுத்தாப்புல நிக்கணும். சுருளி அருவிக்குக் கூட்டிட்டுப் போயி, ஈரச்சேலையோட பாறையில நிக்க வச்சுத்தேன் வரைஞ்சேன். அந்த ஒயிலு, அந்தப் பார்வை... அடேயப்பா, அதுக்குப் பொறவு எனக்கு அப்படி ஒரு ஆளு அமையவே இல்ல.”

வேல்பாண்டி படத்துக்குக் கிட்டே வந்தார். அப்படியானால் அவள் ரத்தமும் சதையுமாக இருந்தவள். சுருளியில் நின்றவள்.

“அய்யா, ஒங்களுக்கு முன்னால சொல்றதுக்கென்ன” என்றார். கண் கலங்கியிருந்தது. “நான் பொண்ணு பாக்கப் போன வீட்டுலயெல்லாம் அந்த மொகத்தத்தேன் தேடுனேன். கடைசியில இவகிட்டத்தேன் அந்தச் சாயல் கெடைச்சுச்சு. அவுக யாரு? எந்த ஊரு?”

ஹேமாவதியும் கதவை விட்டுவிட்டுக் கிட்டே வந்தாள். இத்தனை வருஷம் சக்களத்தியாகக் கூட இருந்தவள் அல்லவா? “அந்தப் பொண்ணு இன்னும் இருக்காகளா?” என்று மெதுவாகக் கேட்டாள்.

சவரிமுத்து படத்தைப் பார்த்தார், வேல்பாண்டியைப் பார்த்தார், ஹேமாவதியைப் பார்த்தார்.

“பொண்ணா? அந்தக் காலத்துல எந்தப் பொண்ணு தம்பி ஈரச்சேலையோட வந்து நிக்கும்? நின்னது ஒங்க அய்யா ஒச்சாண்டிதேன்!”